நின்ற நீரும் நெல்லும் நஞ்சும்

'அரிதாரம்' என்ற சொல் இன்று நமக்குக் கூத்துக் கொட்டகையை மட்டுமே நினைவூட்டுகிறது. வேடம் கட்டுவோர் முகத்தில் பூசிக்கொண்ட மஞ்சள் பொடிக்கு அப்பெயர் வந்தது, அது ஒரு கனிமத்தின் பெயராக இருந்ததால்தான். வடமொழியின் ஹரிதாலம் தமிழில் அரிதாரமாயிற்று. ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல் அது. 'ஆர்செனிக்' என்று நாம் இப்போது வழங்கும் பெயரும், இதே மஞ்சள் கல்லைக் குறித்த பாரசீகச் சொல் கிரேக்கத்தின் வழியாக ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வந்ததே. சிவந்த மனோசிலையும் வெள்ளைப் பாஷாணமும் இதன் உடன்பிறப்புகள். சித்த மருத்துவர்கள் இவற்றைச் சுத்தி செய்து மருந்தாக்கினார்கள். வஞ்சம் கொண்டோர் சுத்தி செய்யாமல் சோற்றில் கலந்தார்கள். எப்படியாயினும் நஞ்சு என்பது ஒருவர் கையால் இன்னொருவருக்குப் போய்ச் சேரும் பொருளாகவே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது.

எவரும் கலக்காமலேயே, வேரின் வழியாக, அரிசிக்குள் அது வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்ல எண்ணுகிறேன். கதை நடந்த இடம் வங்கம்: இந்தியாவின் மேற்கு வங்கமும் இன்றைய பங்களாதேஷும். காலம், ஏறத்தாழக் கடந்த அறுபது ஆண்டுகள்.

வங்கத்து உழவர்கள் தங்கள் நெல்லை மூன்று பருவங்களால் அறிந்திருந்தார்கள். முதலாவது ஆவுஷ், விரைவு எனப் பொருள்படும் 'ஆசு' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். கோடை மழையில் விதைத்து, பெருமழைக்காலம் முடியுமுன் அறுக்கும் குறுகிய காலப் பயிர் அது. இரண்டாவது ஆமன், ஹேமந்தம் என்ற முன்பனிப் பருவத்தின் பெயர் இதில் ஒளிந்திருக்கிறது. மழைநீரிலும் ஆற்று வெள்ளத்திலும் வளர்ந்து, கார்த்திகை மார்கழியில் அறுவடையாகும். வெள்ளம் ஏற ஏறத் தானும் உயர்ந்து வளரும் ஆமன் வகைகளும் உண்டு. மூன்றாவது போரோ. குளிர்காலத்தில் நட்டுக் கோடையில் அறுப்பது. மழையே இல்லாத காலத்துப் பயிர் ஆகையால், நீர் வற்றாத ஏரிக்கரைத் தாழ்நிலங்களில் மட்டுமே இது செய்யப்பட்டது. முன்னிரண்டும் வீட்டின் மூத்த பிள்ளைகள் என்றால் போரோ மூலையில் நின்ற கடைசிப் பிள்ளை.

இந்தக் கடைசிப் பிள்ளை எப்படிக் குடும்பத் தலைவன் ஆனான் என்பதே நம் வரலாற்றின் முதற்பகுதி.

1943-இன் பஞ்சத்தைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். பங்களாதேஷ் என்ற நாடு பிறந்த மூன்றாம் ஆண்டிலேயே, 1974-இல், மீண்டும் ஒரு பஞ்சம் அங்கே நேர்ந்தது. ஏறத்தாழ ஏழு கோடி மக்கள், சிறிய நிலப்பரப்பு, ஆண்டுதோறும் வெள்ளம். இத்தகைய நாட்டில் வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டாத ஒரு பருவம் உண்டென்றால் அது கோடைதான். பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐஆர்-8 நெல்லை வெளியிட்டபின் குட்டை ரகங்கள் பரவின; அவற்றுக்கு உரமும் வேண்டும், வெயிலும் வேண்டும், கட்டுப்பாட்டுக்குள் நிற்கும் நீரும் வேண்டும். வெயில் கோடையில் தாராளம். நீர் காலடியில் கிடந்தது. வங்கத்தின் வண்டல் மண்ணில் மூங்கில் சாரம் கட்டி, இரும்புக் குழாயைக் கையால் தூக்கித் தூக்கி இறக்கியே ஒரு நாளில் கிணறு போட்டுவிடலாம். எண்பதுகளின் இறுதியில் சிறிய டீசல் எஞ்சின்களின் இறக்குமதிக்கிருந்த தடைகள் தளர்த்தப்பட்டதும், ஆழமற்ற குழாய்க் கிணறுகள் வயலெங்கும் முளைத்தன. அவை பதினைந்து லட்சத்தைத் தாண்டிப் போயின. இன்று பங்களாதேஷின் மொத்த அரிசியில் பாதிக்குமேல் போரோ. மக்கள்தொகை பதினேழு கோடியைத் தொட்டும் அந்நாடு பெரும்பஞ்சத்தை மறுபடி காணவில்லை என்றால், அதில் இந்தக் குழாய்களின் பங்கு பெரிது. பின்னால் வரப்போகும் செய்திகளைப் படிக்கும்போது வாசகர்கள் இதை மறந்துவிடலாகாது. பசுமைப் புரட்சியைத் திட்டுவது இன்று எளிதான காரியமாகிவிட்டது. பசித்தவன் முன்னால் நின்று திட்டுவது அவ்வளவு எளிதன்று.

குடிநீரின் கதையும் இதற்கு இணையாக ஓடியது. குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கிலும் காலராவிலும் குழந்தைகள் மாண்டதைத் தடுக்க, யுனிசெஃப் முதலிய அமைப்புகளின் துணையோடு எழுபதுகளில் கைக்குழாய்கள் போடப்பட்டன. தெளிந்த நீர், கிருமியற்ற நீர். அந்நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது எவரும் பார்க்கவில்லை.

1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, இருபத்துநான்கு பர்கானா மாவட்டத்திலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கருப்புப் புள்ளிகளையும், உள்ளங்கைகளில் தடித்த காய்ப்புகளையும் கண்டார். நாட்பட்ட ஆர்செனிக் நஞ்சு என அவர் இனங்கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் திபாங்கர் சக்கரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீரையும் மயிரையும் நகத்தையும் சேகரித்துச் சோதித்தார். 2018-இல் மறையும் வரை அவர் இதை விடவில்லை. எல்லைக்கு அப்பால், பங்களாதேஷின் சாப்பாய் நவாப்கஞ்சில் 1993-இல் முதன்முதலாகக் கிணற்று நீரில் ஆர்செனிக் கண்டறியப்பட்டது. 1995-இல் சக்கரவர்த்தி கொல்கத்தாவில் கூட்டிய பன்னாட்டு மாநாட்டுக்குப் பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 2001-இல் வெளியான நாடளாவிய ஆய்வு 3,534 கிணறுகளைச் சோதித்தது. ஆழமற்ற கிணறுகளில் 27 விழுக்காடு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டு வரம்பையே மீறியிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்போ பத்து மைக்ரோகிராம்தான்.

இடையில் ஒரு செய்தி. 1992-இல் பிரித்தானியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பங்களாதேஷில் 150 கிணறுகளின் நீரைப் பல தனிமங்களுக்காகச் சோதித்து அறிக்கை தந்தது. பாசனக் கிணறுகளின் நீர் மீனுக்கும் மனிதருக்கும் தீங்காகுமா என்பதே ஆய்வின் கேள்வி. சோதிக்கப்பட்ட பட்டியலில் ஆர்செனிக் இல்லை. பாதிக்கப்பட்ட கிராமவாசி ஒருவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரபுக்கள் சபை வரை சென்றது. அவர்பால் நிறுவனத்துக்குச் சட்டப்படியான கடமை ஏதுமில்லை என்று 2006-இல் தீர்ப்பாயிற்று. சட்டம் அறிந்தவர்கள் அத்தீர்ப்பைச் சரியென்கிறார்கள். எனக்கு அந்தப் பட்டியலின் வெற்றிடம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே ஒரு வழக்காடல் நிகழ்ந்தது. உழவனே அதில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டான். கோடைப் பாசனத்துக்காக இறைத்து இறைத்து நிலத்தடி நீர் தாழ்ந்ததால் காற்று உள்ளே புகுந்து, கந்தகக் கனிமங்களைச் சிதைத்து ஆர்செனிக்கை விடுவித்தது என்பது முதற்கருத்து. 1998-இல் வேறொரு விளக்கம் வந்தது. இமயத்திலிருந்து ஆறுகள் கொணர்ந்த வண்டலில் இரும்புத் துருவின் மேற்பூச்சாக ஆர்செனிக் ஒட்டியிருந்தது. மட்கிய தாவரப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள், காற்றில்லாத ஆழத்தில் அந்த இரும்பைக் கரைத்தபோது ஆர்செனிக்கும் கரைந்தது. உழவன் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வினை இது என்றார்கள். உழவன் விடுதலையானான். 2002-இல் சார்லஸ் ஹார்வியும் குழுவினரும், பாசன இறைப்பு புதிய கரிமப்பொருளை ஆழத்துக்கு இழுத்துச் சென்று அக்கரைசலைத் தூண்டியிருக்கலாம் என்று எழுதி வழக்கை மீண்டும் திறந்தார்கள். இரும்பு கரைவதே வழி என்பதைப் பெரும்பாலோர் இன்று ஏற்கின்றனர்; இறைப்பின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வாதம் நீடிக்கிறது.

இத்தனை ஆண்டுகளும் பேச்சு குடிநீரைப் பற்றியே இருந்தது. கைக்குழாய்களுக்குச் சிவப்பும் பச்சையும் பூசி, குடிக்கத்தக்கது எது, தகாதது எது என்று பிரித்தார்கள். ஒரு குடும்பம் நாளைக்குக் குடிப்பது சில குடம். அதே நிலத்தடியிலிருந்து வயலுக்குப் பாய்வதோ ஆறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போரோ பயிருக்கு ஒரு பருவத்தில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் இறைக்கப்படுகிறது. ஒரு ஹெக்டேருக்கு அது ஒரு கோடி லிட்டர். நீரில் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆர்செனிக் இருந்தால், ஒரே பருவத்தில் அந்த வயலில் வந்து விழுவது ஒரு கிலோ. அடுத்த ஆண்டு இன்னொரு கிலோ. 2003-இல் ஆண்ட்ரூ மெஹார்க்கும் அவரோடு பணியாற்றிய பங்களாதேஷ் ஆய்வாளரும் வயல் மண்ணைச் சோதித்து வெளியிட்ட முடிவு இதை உறுதிப்படுத்தியது. மாசற்ற நீர் பாய்ந்த வயல்களில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்த ஆர்செனிக், மாசுற்ற கிணறுகள் நெடுங்காலம் இறைத்த பகுதிகளில் 46 மில்லிகிராம் வரை ஏறியிருந்தது. கிணற்றின் வயது மண்ணில் எழுதப்பட்டிருந்தது என்றே சொல்லலாம்.

மழைக்காலம் வரும்போது வெள்ளம் இந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது என்பது 2010-இல் வந்த ஓர் ஆய்வு. தேங்கும் வெள்ளநீரில் ஆர்செனிக் கரைந்து வடிந்து போகிறது. முழுவதும் போவதில்லை. ஆமனின் காலத்துத் தாயான வெள்ளம் போரோவின் குப்பையைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

மண்ணில் இருப்பதெல்லாம் மணியில் ஏறிவிடுமா? கோதுமையிலும் பார்லியிலும் அவ்வளவாக ஏறுவதில்லை. நெல்லில் மட்டும் அவற்றைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. இதன் காரணம் நெல்லை நாம் வளர்க்கும் முறையில் இருக்கிறது. காய்ந்த நிலத்தில் ஆர்செனிக் இரும்புத் துருவைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்கும். நீர் கட்டிய சில நாட்களில் மண்ணுக்குள் காற்று தீர்ந்துவிடுகிறது. காற்றற்ற சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் இரும்பைக் கரைக்கின்றன. பிடி விட்ட ஆர்செனிக், ஆர்சினைட் என்ற வடிவில் வேரருகே மிதக்கிறது. வங்கத்தின் ஆழத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் நிகழ்ந்த அதே வினை, ஒரு சாண் ஆழத்தில், ஒவ்வொரு பருவமும் புதிதாக நிகழ்கிறது. களையை மூழ்கடிக்க நாம் நிறுத்தும் நீரே பூட்டைத் திறக்கும் சாவி.

நெல்லின் இயல்பும் துணைபோகிறது. தண்டு சாயாமலும் பூச்சி துளைக்காமலும் இருக்க நெல் மண்ணிலிருந்து சிலிக்காவை ஏராளமாக உறிஞ்சுகிறது. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுவே. அதற்கென வேரில் தனி வாயில்களே உண்டு. ஜப்பானில் பணியாற்றிய ஆய்வாளர் ஜியான் ஃபெங் மாவின் குழு அந்த வாயிலை 2006-இல் கண்டறிந்தது. உருவிலும் குணத்திலும் கரைந்த சிலிக்காவை ஒத்திருக்கும் ஆர்சினைட் அதே வாயிலில் நுழைகிறது என 2008-இல் அவர்களே காட்டினார்கள். வேடம் கட்டி உள்ளே வருகிறது நஞ்சு. அரிதாரத்துக்கு அது புதிதல்லவே.

ஃபரித்பூர் மாவட்டத்து வயல்களில் செய்து 2009-இல் வெளியான ஆய்வொன்று என்னை மிகவும் கவர்ந்தது. குழாயிலிருந்து வெளிவந்த நீர் காற்றுப் பட்டதும், அதிலுள்ள இரும்பு துருவாகிப் படியும். ஆர்செனிக்கையும் தன்னோடு இழுத்துப் படிய வைக்கும். எனவே மடைவாய்க்கு அருகில் நஞ்சு மிகுதி, வயலின் கடைக்கோடியில் குறைவு. மடைவாயருகே மண்ணில் கிலோவுக்கு 60, 70 மில்லிகிராம். தொலைவில் பத்துப் பன்னிரண்டு. விளைச்சலும் அதற்கேற்ப மாறியது. நல்ல மண்ணில் ஹெக்டேருக்கு ஏழு முதல் ஒன்பது டன் கண்ட நெல், மடைவாயருகே இரண்டு மூன்று டன்னாகச் சுருங்கியது. தலைமடைக்காரன் கொழிப்பான், கடைமடைக்காரன் வாடுவான் என்பதே நாமறிந்த பாசன நீதி. இங்கே அது தலைகீழானது.

வயிற்றுக்குப் போகும் வழிகள் அரிசியோடு முடியவில்லை. வைக்கோலில் மணியைவிட ஆர்செனிக் மிகுதி. அதை மாடு தின்கிறது. அதன் சாணம் வரட்டியாகி அடுப்பில் எரிகிறது. புகையைப் பெண்கள் சுவாசிக்கிறார்கள்.

வங்கத்துக்கு வெகு தொலைவில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில், இதே பாடம் வேறு வழியில் கற்கப்பட்டிருந்தது. மெக்சிகோவிலிருந்து 1892-இல் டெக்சாசுக்குள் புகுந்த பருத்திக் கூன்வண்டை ஒழிக்க, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கால்சியம் ஆர்சனேட் பொடியைப் பருத்திக் காடுகளில் தூவினார்கள். பின்னர் ஆர்செனிக் கலந்த களைக்கொல்லிகளும் வந்தன. அந்நிலங்கள் சில நெல்வயல்களாக மாறியபோது, நெற்கதிர்கள் மணி பிடிக்காமல் பதராகி, தலை சாயாமல் நிமிர்ந்தே நின்றன. 'நேர்தலை நோய்' என்றே அதற்குப் பெயரிட்டார்கள். முற்றிய கதிர் தலை வணங்குவதைப் பணிவுக்கு உவமை சொல்லும் நமக்கு அந்தப் பெயரின் துயரம் எளிதில் விளங்கும். அந்நோய்க்கு ஆர்செனிக் மட்டுமே காரணமன்று. எனினும் பழைய பருத்தி மண்ணில் அது மிகுந்தது. காரணம் தெளியுமுன்பே உழவர்கள் மருந்தைக் கண்டிருந்தார்கள்: பருவத்தின் இடையில் நீரை வடித்து, நிலம் வெடிக்கும் வரை காயவிட்டு, பிறகு மறுபடி நீர் கட்டினார்கள். 2007-இல் அமெரிக்கக் கடைகளின் அரிசியைச் சோதித்தபோது, தென்மத்திய மாநிலங்களின் அரிசியில் கிலோவுக்குச் சராசரி 0.30 மில்லிகிராமும், கலிஃபோர்னியா அரிசியில் 0.17 மில்லிகிராமும் ஆர்செனிக் இருந்தது.

அமெரிக்க உழவன் செய்த அந்த வேலைக்குத் தமிழில் அழகான பெயர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். நீரை மிச்சப்படுத்த நம் வேளாண்துறையினர் பரிந்துரைக்கும் முறை அது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் அதற்கு ஓர் எளிய கருவியையும் பரப்பியது: துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை காத்திருந்து மறுபடி பாய்ச்ச வேண்டும். நீர் மிஞ்சும், டீசல் மிஞ்சும், விளைச்சல் குறையாது. மண்ணில் காற்று புகுவதால் ஆர்செனிக் மீண்டும் இரும்பைப் பற்றிக்கொள்ளும். 2008-இல் தொட்டிகளில் செய்த சோதனையொன்றில், நீர் கட்டி வளர்த்த நெல்மணியில் ஆர்செனிக், காற்றோட்டமான மண்ணில் வளர்த்ததைப்போல் பத்து முதல் பதினைந்து மடங்கு இருந்தது. வயலில் இவ்வளவு வேறுபாடு வருவதில்லை என்றாலும் திசை ஒன்றுதான்.

அப்படியானால் வயலைக் காயவிட்டுவிட்டால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் ஜப்பான் குறுக்கே வருகிறது.

தோயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றின் கரையில், எலும்பு நொறுங்கி, நோயாளிகள் 'இத்தாய், இத்தாய்' ('வலிக்கிறது, வலிக்கிறது') என்று அலறியதால் அப்பெயரே பெற்ற ஒரு நோய் உண்டு. ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கமியோகா சுரங்கத்தின் காட்மியம், பாசன நீரோடு வயலுக்கும் அரிசிக்கும் சென்றதே காரணம் என்று அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. காட்மியத்தின் குணம் ஆர்செனிக்குக்கு நேர்எதிர். நீர் நின்ற சேற்றில் அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் உறங்கும். வயல் காய்ந்தால் விழித்துக்கொள்ளும். ஆகவே கதிர் வெளிவரும் காலத்துக்கு முன்னும் பின்னும் மூன்று வாரங்கள் வயலில் நீர் வற்றவே கூடாது என்று ஜப்பானிய உழவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. காட்மியம் குறைந்தது, அதே நீர் ஆர்செனிக்கை மணியில் ஏற்றியது என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்களே எழுதினார்கள். ஒரு நஞ்சுக்கு வாயிலை அடைத்தால் மற்றதற்குத் திறக்கிறது. எவ்வளவு நீர் என்பதைவிட எந்த நாட்களில் நீர் என்பதே கேள்வியாகிவிட்டது. அந்தந்த ஊரின் மண்ணில் எது மிகுதி என்று பார்க்காமல் எல்லா ஊருக்கும் ஒரே அறிவுரை சொல்ல இயலாது.

பன்னாட்டு உணவுத் தரக் குழு 2014-இல் தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் கனிம ஆர்செனிக் என்று வரம்பு வைத்தது. தவிட்டில் அது மிகுதி என்பதால் தீட்டாத அரிசிக்கு 2016-இல் 0.35 வரை இடம் தந்தார்கள். கைக்குத்தலரிசியின் பெருமை பேசும் நண்பர்களுக்கு இது கசப்பான செய்தியாகலாம். ஐரோப்பிய ஒன்றியம் குழந்தை உணவுக்கான அரிசிக்கு 0.10 என 2015-இல் விதித்தது. நாளைக்கு ஒரு கைப்பிடி உண்பவருக்கும் மூன்று வேளையும் அரைக்கிலோ உண்பவருக்கும் ஒரே வரம்பு எவ்வாறு பொருந்தும் என்பதற்கு இவ்விதிகளில் விடை இல்லை.

அடுப்படியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. அரிசியை நீர் தெளியும் வரை கழுவி, ஆறு மடங்கு நீரில் வேகவைத்துக் கஞ்சியை வடிக்கும் பழைய முறையில், அரிசியிலுள்ள ஆர்செனிக்கில் 57 விழுக்காடு வரை நீங்கியதாக மேற்கு வங்கத்து ஆய்வொன்று 2006-இல் காட்டியது. உலைநீர் தூயதாயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை; மாசுற்ற கிணற்று நீரானால் சோறு அதையும் சேர்த்துக் குடித்துவிடும். வடித்த கஞ்சியைக் கொட்ட மனம் வராத ஏழை வீடுகளில் இந்த ஆறுதலும் பாதிதான்.

காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்குப் பங்களாதேஷில் அரசும் ஆராய்ச்சி நிலையங்களும் பல ஆண்டுகளாகப் பரப்புரை செய்தும் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. உழவருக்கு அதன் பயன் தெரியாததால் அல்ல. அங்கே வயலுக்குச் சொந்தக்காரர் ஒருவர், குழாய்க்கும் எஞ்சினுக்கும் சொந்தக்காரர் இன்னொருவர். நீருக்கான கூலி, பல ஊர்களில், பருவம் முழுமைக்கும் ஒரே தொகையாகவோ விளைச்சலில் நான்கில் ஒரு பங்காகவோ பேசப்படுகிறது. பத்துமுறை பாய்ச்சினாலும் இருபதுமுறை பாய்ச்சினாலும் கூலி அதேதான். வயலைக் காயவிட்டால் மிஞ்சும் டீசல் எஞ்சின்காரருக்கு. காயவிட்ட வாரத்தில் எஞ்சின் பழுதாகிப் பயிர் கருகினால் நட்டம் உழவருக்கு. ஆகவே கொடுத்த கூலிக்கு வயல் நிறைய நீர் நிற்கவேண்டும் என்று அவர் கேட்கிறார். நீர் நிற்கிறது.